குறுக்குவெட்டு ஏழு

ஆவணியில் ஆறு அளக்க அனுப்பினார்கள்.
ஆறு வாரப் பயிற்சி, நாளுக்கு எழுநூறு ரூபாய்,
மதியப் பார்சல் எங்கள் செலவு.
தந்த பெட்டியில் நீரோட்டமானி இருந்தது,
கலங்கல் பார்க்கும் கண்ணாடிக் குழாய் இருந்தது.
கனகராயன் ஆற்றில் தண்ணீர் இல்லை.

முதல் நாள் படிவம்.
வேகம்: பூச்சியம். ஆழம்: பூச்சியம். கலங்கல்:
என்ன எழுதுவதென்று றொசாந்தைப் பார்த்தேன்.
அவன் சப்பாத்துக்குள் போன மணலைக் கொட்டிக்கொண்டே
"பொருந்தாது எண்டு போடு" என்றான்.

கரையேறி, மருதங் கிளையில் தொங்கிக்கொண்டு
சிக்னல் ஒரு கோடு வந்ததும்
சுகந்தினி மிஸ்ஸிற்குப் போன் எடுத்தோம்.
"தண்ணி இல்லாட்டி மணலை அளவுங்கோ பிள்ளையள்.
வாற மழை எங்க தங்கப்போகுதெண்டாவது தெரியட்டும்."

ஐம்பது மீற்றருக்கு ஒரு குறுக்குவெட்டு.
இரும்புக் கம்பி, சுத்தியல், நாடா.
களியில் முட்டும் சத்தம் வேறு,
கல்லில் முட்டும் சத்தம் வேறு.
மூன்றாம் நாள் காது பழகிவிட்டது.

ஏழில் கம்பி போய்க்கொண்டே இருந்தது.
இரண்டு மீற்றர் நாற்பது.
பக்கத்தில் யானை தோண்டிய குழி,
அதற்குள் ஒரு வாளி தண்ணீர்,
காய்ந்த பாலைக் கொட்டைகள், ஒரு தவளை.
முழங்கைவரை கையை விட்டேன்.
மேலே முப்பத்தாறு பாகை வெயில்.
உள்ளே
ஆறு குளிர்ந்துபோய்ப் படுத்திருந்தது.

பதினொன்றில் மணல் இல்லை.
டிப்பர்ச் சுவடு, அதன்மேல் டிப்பர்ச் சுவடு,
களித்தரையில் பாசி பிடித்த குட்டை,
வேரெல்லாம் வெளியே தெரிய ஒரு மருது,
சம்பல் ஒட்டிய லஞ்ச் சீற்.
கம்பி ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.
பூச்சியம் என்று எழுதினேன்.
முதல் நாள் எழுதிய பூச்சியம் அல்ல இது.

மாங்குளத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது
தேத்தண்ணிக் கடையில் ஒருவர் எதிரே வந்து அமர்ந்தார்.
கோடு போட்ட சேட், நகக்கண்ணில் கிறீஸ்.
எங்கள் றோல்சுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு,
"பெர்மிற் எல்லாம் இருக்கு தங்கச்சி.
எந்தப் பக்கம் இன்னும் ஆழமாக் கிடக்கு?"
அவ்வளவு பணிவாகக் கேட்டார்,
மருந்துக்கடையில் கேட்பதுபோல.

எங்கள் தரவுக்குக் கிடைத்த முதல் வாசகர்.

"எல்லா இடமும் முடிஞ்சுது அண்ணை" என்றேன்.
றொசாந் றோல்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
கொப்பியின்மேல் வைத்திருந்த கை வியர்த்து
எடுத்துப் பார்த்தால்
உள்ளங்கையில் தலைகீழாக ஒரு ஏழு.

அன்றிரவு நித்திரை வரவில்லை.
வீட்டுத்திட்ட வீடு. படுத்தபடியே
சுவர் நீளம், பூச்சுத் தடிப்பு, நிலத்துக் கொங்கிறீற்,
பழக்கதோசத்தில் கணக்குப் பார்த்தேன்.
ஒன்பது கியூப் மணல்.
ஐந்து மீற்றர் நீளம், ஐந்து மீற்றர் அகலம்,
ஒரு மீற்றர் ஆழம்.
அப்படி ஒரு குழியைத்தான் பகல் முழுக்க வரைந்திருந்தேன்.
ஏழு வருசம் தகரக் கொட்டிலில் கிடந்தவர்கள்
ஆற்றிடம் கேட்டுவிட்டா மணல் பறித்திருப்பார்கள்?
"உப்பில்லாத மணல்" என்று
அப்பா கைநிறைய அள்ளிக் காட்டியது நினைவிருக்கிறது.
நானும் அதில் ஏறிச் சறுக்கி விளையாடினேன்.

அறிக்கையில் ஒரு பெட்டி:
மணல் இழப்புக்கான காரணங்கள்.
"மிதமிஞ்சிய அகழ்வு" என்று றொசாந் எழுதினான்,
அழகான கையெழுத்தில்.
அதன் கீழே பென்சிலால்
"எங்கட வீடும்" என்று சேர்த்தேன்.
ஏழாம் குறுக்குவெட்டின் இடக்குறிப்பை மட்டும்
தனித்தாளில் எழுதி உறையில் ஒட்டிக் கொடுத்தோம்.

திருத்தி வந்தது.
மிஸ் அதை வெட்டியிருக்கவில்லை.
பக்கத்தில் சிவப்பு மையில்
"அலகு?"
என்று கேட்டிருந்தார்.