நாற்பது கிராம்

வின்னிபெக் ஏரி உறைந்துவிட்டது.
சமையல் மேசை முழுக்க
ஹால்டோரின் படைக்காலச் சரக்கு விமானம்:
எழுபத்திரண்டில் ஒரு பங்கு, இரட்டை வால்,
பசை நாற்றம்.

உள்ளே பெட்டிகளுக்கு
என் தையல் நூலில் வார் கட்டினார்.
மூடிவிட்டால் யாருக்குத் தெரியும் என்றேன்.
"எனக்கு."

மூன்றாம் வாரம் சக்கரம் பொருத்தி நிறுத்தினால்
மூக்கைத் தூக்கி
நாய்போல் குந்திக்கொண்டது.
'மூக்கில் நாற்பது கிராம் வைக்கவும்' -
தாளில் அவர் படிக்காமல் விட்ட வரி.
சிரித்தேன்.

"அன்றைக்கும் இப்படித்தான்," என்றார்.
"பெட்டிகள் பின்னால் நழுவின.
வார் கட்டியது நான்."

நாற்பத்தொரு வருடக் கல்யாணத்தில்
முதல் தடவை.

தூண்டில் பெட்டியைத் திறந்தேன்.
மூக்குச் சக்கரக் குழியில் அவர் துளை போட,
ஈயக் குண்டுகளை
ஒவ்வொன்றாக நீட்டினேன்.
ஏழாவதில்
மெதுவாகத் தலை குனிந்தது.