பஞ்சர் செலவு

அரிசி, பருப்பு, எண்ணெய், மருந்து முடிந்தது.
டேப்லெட்டைத் தள்ளிவிட்டு அந்தப் பெண் கேட்டாள்:
"கேளிக்கைக்கு, போன முப்பது நாளில், எவ்வளவும்மா?"
சினிமா டிக்கெட்டில் வரிக்குப் பக்கத்தில் பார்த்த சொல்.
அதற்குப் பிறகு யாரும் என்னிடம் சொன்னதில்லை.

புதுவயலில் ரைஸ்மில் கணக்கப்பிள்ளை வீடு இது.
ஐந்தொகை நேரானால்தான்
அடைக்கலத்துக்குச் சோறு இறங்கும்.
இரம்மா, ஏட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்று
தேவையில்லாமல்
அடிப்பெட்டியைத் திறந்துவிட்டேன்.

நான் வாக்கப்பட்டு வந்த வருஷம், தை மாதம்:
காரைக்குடி சினிமா, நாத்தனார் இருவரோடு நாலு பேர்,
பஸ், வேர்க்கடலை, ஒரு கலர்.
பதினாறு ரூபாய் நாற்பது பைசா.
அடுத்த படம் ஆவணியில்.
நடுவில் ஏழு மாதம் அந்தப் பத்தி
பட்டினி கிடந்தது.

டிவி வந்தபோது "சாமான்" என்று எழுதினார்.
கேபிள், கரண்டு பில்லுக்குக் கீழே ஒண்டிக்கொண்டது.
இப்போது மகன், மருமகள் சேர்த்து
நாலு பேருக்கு நாலு ரீசார்ஜ்.
பதினாறு ரூபாய் போய் ஆயிரத்தைத் தாண்டியாயிற்று;
நாலு பேரும் ஒரே நேரத்தில் சிரிப்பதில்லை.

மூடப் போகையில் கண்ணில் பட்டது.
சைக்கிள் பஞ்சர், ஒன்றரை ரூபாய். வெள்ளி.
அடுத்த வெள்ளி, பஞ்சர்.
அதற்கடுத்ததும்.
விரல் விட்டு எண்ணினேன்,
அந்த ஒரு வருஷத்தில் முப்பத்தொன்பது.
ட்யூபில் ஒட்டுப் போட இடம் எங்கே இருந்திருக்கும்?

டூரிங் கொட்டகையில்
வெள்ளிக்கிழமைதான் படம் மாறும்.
தரை டிக்கெட் ஒன்றரை ரூபாய்.

"ஏங்க, அந்த சைக்கிளுக்கு அப்படி என்ன கேடு?"
உள்ளறையில் போன் பார்த்தவர்
ஒரு காதிலிருந்து மட்டும் ஒயரைக் கழற்றினார்.
"எந்த சைக்கிள்?"

"அம்மா, சைபர் போட்டுக்கவா?" என்றாள் பெண்.
இன்னும் ஒன்பது வீடு பாக்கியாம்.

சண்டை போட்டிருக்கலாம்.
வாயைத் திறந்தேன். வியாழக்கிழமை ஞாபகம் வந்தது.
இரண்டரை மணி ஆட்டம், நானும் செங்கமலமும்,
ஏசி குளிருக்குப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தி,
ஒரு பாப்கார்னை இருவராக.

"மருந்துக்குச் சொன்னேனே,
அதில் முந்நூற்று நாற்பதை எடுத்து
இங்கே போட்டுக்கொள்."
"எதும்மா?"
"கால்வலித் தைலம்" என்றேன்,
மெதுவாக.
உள்ளே ஒரு காது திறந்திருந்தது.