கரண்டியைப் பிடிக்கும் விதம்

ஒல்லாந்திலிருந்து வந்த பிள்ளைக்குப் பத்தொன்பது வயசு.
பெயர் யோஹன்னா.
பண்டாரவளையில் ரயிலிறங்கி
ஆட்டோவில் வந்தாள், மடியில் ஒரு பை பலூன்.

முதல் நாளே சொன்னேன்,
என் அரைகுறை இங்கிலீசும் கையுமாக:
யுகேந்திரனுக்கு ஊட்டும்போது நேரே நீட்டாதே.
இடப்பக்கமிருந்து வா.
கரண்டியின் அடியால் நாக்கை லேசாக அமுக்கு.
பிறகு பொறு.
விழுங்குவது தொண்டையில் தெரியும்,
கொழுந்து லொறி மேடு ஏறுகிற மாதிரி
நிற்கும், திணறும், பிறகு போகும்.
போன பிறகுதான் அடுத்த வாய்.

அவள் அவசரப்படவில்லை. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.
வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாள் அழுவார்கள்,
மீதிப் பேர் படம் எடுப்பார்கள்.
இவள் ஒரு கிண்ணம் கஞ்சிக்கு
ஐம்பது நிமிஷம் முட்டி போட்டிருந்தாள்
தை மாசத்துச் சீமெந்துத் தரையில்.

அந்த வாரம் வெயிலே இல்லை.
இருபத்திரண்டு பிள்ளைகளின் துணியும்
அடுப்படிக் கயிற்றில் புகை மணக்கக் கிடந்தது.
மடித்துக்கொண்டே கேட்டாள்:
இவர்களுக்கு அம்மா இல்லையா?
அவள் ஊரில் கொடுத்த தாளில்
அநாதை இல்லம் என்று போட்டிருந்ததாம்.

யுகேந்திரனின் அம்மா குவைத்தில் என்றேன்.
நிலுக்ஷிக்கு அப்பா இருக்கிறார்,
சம்பளத்துக்கு மறுநாள் பிஸ்கட்டோடு வருவார்,
வாசலோடு போவார்.
லயத்து அறை பத்தடிக்குப் பன்னிரண்டு.
அதற்குள் சக்கர நாற்காலி திரும்பாது.
நோட்டில் எதையோ எழுதினாள்.
எழுதியதை அடித்தாள்.

கரண்டிப் பிடியை எங்கே படித்தீர்கள் என்றாள்.
அம்மானில், என்றேன்.
தாய்மாமன் இல்லை, ஜோர்தானில் ஓர் ஊர்.
ஆறாம் மாடி. நான்கு வருஷம்.
மேடத்தின் மகள் தாலியா, ஏழு வயசு,
கழுத்து நிற்காது.
சொல்லித்தர ஆள் இல்லை.
புரையேறி அவள் உதடு நீலமான
இரண்டு இரவுகள் சொல்லித்தந்தன.
என்னை யாரும் வொலண்டியர் என்று கூப்பிடவில்லை.
சம்பளம் தந்தார்கள், சில மாசம் தரவில்லை.
அப்போது என் மகனுக்கு இரண்டு வயசு.
அவனுக்கு என் தங்கச்சி ஊட்டினாள்.
எந்தப் பக்கமிருந்து ஊட்டினாள் என்று
இன்றுவரை கேட்டதில்லை.

இதில் பாதியைத்தான் அவளுக்குச் சொன்னேன்.
மீதிக்கு எனக்கு இங்கிலீசு இல்லை.

இருபத்தோராம் நாள்
கேக் வெட்டி, பலூன் கட்டி,
பெரிய மிஸ்ஸின் கையால் ஒரு சேலை வாங்கி
அழுதுகொண்டே ஆட்டோ ஏறினாள்.
யுகேந்திரன் அழவில்லை.
பலூன் ஒன்று வெடித்ததற்குச் சிரித்தான்.

மறுநாள் காலை வாய் திறக்கவில்லை.
மத்தியானமும் இல்லை.
இடப்பக்கம் போனேன், அடியால் அமுக்கப் பார்த்தேன்,
பல் பூட்டு.
நிலுக்ஷிதான் காட்டிக்கொடுத்தாள்,
தன் கோப்பையை நகத்தால் தட்டி:
டொக், டொக்.
ஒவ்வொரு வாய்க்கு முன்னும் இரண்டு தட்டு.
அந்தப் பிள்ளை பழக்கிவிட்டிருக்கிறாள்,
நான் துணி மடிக்கிற நேரத்தில், எனக்குத் தெரியாமல்.

கோபம்தான் வந்தது முதலில்.
மூன்று வாரத்துக்கு வந்தவள்
பூட்டு ஒன்றைப் போட்டுவிட்டு
சாவியை யாரிடம் கொடுத்துப் போனாள் என்று.

பிறகு, கஞ்சி ஆறுகிற நேரத்தில்,
தாலியா ஞாபகம் வந்தாள்.
அவளுக்கு நான் அரபியில் ஊட்டவில்லை.
“ஆ காட்டு” என்பேன். காட்டுவாள்.
நான்கு வருஷமும் அந்த வீட்டில்
எனக்குப் பதில் சொன்ன ஒரே தமிழ் அதுதான்.
எனக்குப் பின்னால் வந்தவள் எத்தியோப்பியாக்காரி.
அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்
அந்த ஒரு சொல்லை?
எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததோ அந்தப் பிள்ளை.

தட்டிப் பார்க்கிறேன். சத்தம் எழும்பவில்லை.
இது பிளாஸ்டிக் கிண்ணம்.
யுகேந்திரன் என் விரலையே பார்க்கிறான்.
சுமனா,
அந்த எவர்சில்வர் கிண்ணத்தை எங்கே வைத்தாய்?