எட்டு இருந்த இடம்

எட்டு இருக்க வேண்டிய இடத்தில் சுழி.
அவ்வளவுதான் குற்றம்.
பதினாறு இலக்க முகவரியில் ஒன்று மாறி
யாரும் குடியில்லாத வீட்டுக் கதவைத் தட்டியது கெர்னல்,
தட்டிய கையோடு விழுந்து கிடந்தது.

பெருங்குடி, இரண்டாம் மாடி.
நாற்பது சர்வர்களில் இது மட்டும் சாகிறது
இரவு இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில்.
சில வாரம் சாகாமல் ஏமாற்றுகிறது.

சென்னையில் எதற்கும் முதல் சந்தேகம் வெயில்மேல்.
மார்கழி என்றேன். ஏசி இருபத்திரண்டு என்றேன்.
அடுத்து மின்வாரியம்;
யுபிஎஸ் பதிவில் ஒரு சுளிப்புகூட இல்லை.
அடுத்து ராம். நான்கையும் பிடுங்கிப்
பக்கத்து மெஷினில் செருகினோம்,
அங்கே பதவிசாக உழைத்தன.
இங்கே வந்த புதியவை
ஆறாம் நாள் அதே சுழியோடு.

அப்புறம் மனிதர்கள்தானே மிச்சம்.

ஜெபசிங் எழுதிய டிரைவர்
அந்தப் பக்கத்தைக் கடைசியாகத் தொட்டிருந்தது.
கூட்டத்தில் எழுந்து
'என் தப்பாத்தான் இருக்கும்' என்றான்.
எண்ணூறு வரி. எடுத்துவிட்டார்கள்.
நானும் தலையாட்டினேன்.

அவன் வரிகள் இல்லாமலே
புதன்கிழமை அது செத்தது.

பதினேழு டம்ப் கோப்புகள்.
உடைந்த இடம் வேறு வேறு,
ஓடிக்கொண்டிருந்த வேலை வேறு வேறு.
பென்சிலால் காகிதத்தில் எழுதிப் பார்த்தபோதுதான்
ஒவ்வொரு வரியின் ஓரத்திலும்
யாரும் படிக்காத எண் ஒன்று நின்றிருந்தது:
கோர் பதினொன்று.
பதினொன்று.
பதினொன்று.

கூட்டல் தப்பினால் கூட்டியவளைத் திட்டுவோம்.
அவள் விரல்களை
யார் எண்ணிப் பார்த்தோம்?

வேலை ஓய்ந்தால் ஆழ்ந்து தூங்கும் சில்லு அது.
இரண்டு மணிக்குத்தான் ஊர் அதை விடுகிறது.
எழுகிற கணத்தில், கண் திறக்குமுன்,
கையிலிருந்ததில் ஒரு பிட்டைத் தவறவிடுகிறது.
தவறவிட்டது அதற்குத் தெரியாது.

பதினொன்றை மட்டும் விழிக்க வைத்தேன்.
ஒன்பது நாள் பிழைத்தது.
தமிழில் தவறுவதற்கும் உயிரோடிருப்பதற்கும்
ஒரே வினை என்பது
ஆளில்லாத கேன்டீனில்
ஆறிய சாம்பார் சாதத்தின் முன்னால் உறைத்தது.

பத்தாம் நாள் அதைத் தூங்கவிட்டேன்.
வேண்டுமென்றேதான். கொல்வதற்காக.
மூன்று பன்னிரண்டுக்கு
எட்டு போய்ச் சுழி வந்தது.
கைதட்டிவிட்டேன்.
செக்யூரிட்டி திபன் எட்டிப் பார்த்து,
அஸ்ஸாம் வாடையடிக்கும் தமிழில்,
'மேடம், உடம்பு நல்லாதானே?' என்றார்.

செய்தவர்களின் ஆவணத்தில்
நூற்று நாற்பதாம் பக்கம், ஒரு பத்தி:
அரிதான சூழலில் எதிர்பாராத நடத்தை.
திருத்தம் திட்டமிடப்படவில்லை.

ஆகவே திருத்தம் என்னுடையது, ஒரே வரி.
தூங்காதே.
எழுதியவள் நாலு நாள் தூங்காதவள்.

விடிகாலை பறக்கும் ரயில் நிலையத்தில்
சதுப்பின்மேல் குப்பைமேட்டுப் புகை.
நடைமேடையில் லேப்டாப்பை விரித்து
எண்ணூறு வரியையும் திரும்பச் சேர்த்தேன், அவன் பெயரிலேயே.
'காரணம்' என்று ஒரு கட்டம் கேட்டது.
வன்பொருள் பிழை என்று எழுதினேன்.
நான் தலையாட்டியதை எழுத
அங்கே கட்டம் இல்லை.

ஜெபசிங்குக்கு அனுப்பினேன்:
'நீ இல்லப்பா.'
இரண்டு ரயில் போயிற்று.
பத்தேகாலுக்குப் பதில் வந்தது,
ஒரு கட்டைவிரல்.