முட்டைக் கணக்கு

நரூமாவில் எங்கள் வேலி முடிகிற இடத்தில்
காடு தொடங்கிவிடும்.
வேலியை நான் நம்புகிறேன்.
காடு நம்புவதில்லை.

திங்கள் ஐந்து முட்டை. செவ்வாய் இரண்டு.
புதனன்று ஓடுகூட இல்லை.
குகதாசன் நரி என்றார்.
பக்கத்து வீட்டு லொரெய்ன் மலைப்பாம்பு என்றாள்.
நான் ஒரு நிமிடம், வெட்கத்தோடு,
தபால்காரரைச் சந்தேகித்தேன்.

முதியோர் இல்லத்து இரவுப் பணி முடிந்து வந்த காலை,
சப்பாத்தைக் கழற்றாமலே கூட்டைத் திறந்தால்
வைக்கோல் மேல் என்னைவிட நீளமாய் ஒன்று.
கறுப்புத் துணியில் யாரோ
மஞ்சள் புள்ளிக்கோலம் போடத் தொடங்கி
வால்பக்கம் வரவர அலுத்துப்போய்
வெறும் பட்டைகளாய் இழுத்து முடித்ததுபோல் உடம்பு.
கழுத்துக்குக் கீழே தளர்ந்து தொங்கும் தோல்.
அண்ணாந்து ஒரு முட்டையை விழுங்கிற்று.
அது தொண்டைக்குள் இறங்கும் மேட்டைப் பார்த்தபடி
மாத்திரைக்கு அடம்பிடிக்கும் ஆறாம் அறை பென்னட்டை
நினைத்துக்கொண்டேன்.

கவை நாக்கு வெளியே வந்து
என் சவர்க்காரத்தை, நேற்றைய மீன்குழம்பை,
பிறகு என் பயத்தை
ஒவ்வொன்றாய் வாசித்துவிட்டு உள்ளே போயிற்று.

கை தட்டினேன்.
ஓடவில்லை, யோசித்தது. பிறகுதான் ஓடியது:
நேரே யூகலிப்டஸ் மரத்துக்கு.
நான் இந்தப் பக்கம் போனால் அது அந்தப் பக்கம்,
நான் அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம்.
எங்களுக்கு நடுவே எப்போதும் ஒரு மரம்.
பட்டை உதிர்ந்து என் தலையில் விழுந்தது.
வீட்டுக்கடனை, ஒற்றைத் தலைவலியை,
மாமியாரின் அபிப்பிராயங்களை
உடும்புப்பிடி என்று சொல்லிச் சொல்லியே பழகியவள் நான்.
பிடியைக் கண்டது அன்றுதான்.

அது எல்லாம் தின்னும் என்றாள் லொரெய்ன்.
மாக்பைக் குஞ்சு, முயல், போசம்,
சாலையோரம் மூன்று நாளாய்க் கிடக்கும் கங்காரு.
முகாமில் ஒருமுறை
கொழுப்பு மணத்த அடுப்புக் கையுறையையும்.
கூட்டில் கோல்ஃப் பந்து வை, ஏமாறட்டும்.

வைக்கவில்லை.
விழுங்கித் தொலைத்தால்
மிருக வைத்தியரின் பில் யார் தலையில்?
இரும்பு வலை வாங்கினோம். தாழ்ப்பாளும் வாங்கினோம்.
பணம் போனதே என்று குகதாசன் ஒரு வாரம் முனகினார்.

செப்டம்பர்.
வேலிக்கு அப்பால் ஒரு கறையான் புற்று,
செங்கல்லைப் போல் இறுகியது.
அதை அது மூன்று நாள் தோண்டியது.
நகத்தில் மண், மூக்கில் மண்.
கோழிக்கூட்டைப் பூட்டப்போய்
கறையான் தின்னும் கதிக்குக் கொண்டுவந்துவிட்டேனோ என்று
ஜன்னலில் நின்றேன், தேநீர் ஆறியது.
நான்காம் நாள் காணவில்லை.
புற்றில் ஒரு கை நுழையும் ஓட்டை மட்டும்.

அதிலிருந்து
விரல் பருமனில் ஒரு தலை.
இன்னும் வெயில் படாத, பளிச்சென்ற மஞ்சள்.
பிறகு இன்னொன்று, முதலாவதன் முதுகை மிதித்துக்கொண்டு.

போன கோடையில் அங்கே இட்டிருக்கும் என்றாள் லொரெய்ன்.
ஓட்டையைக் கறையான்களே பூசி அடைத்திருக்கும்,
சூடும் அவைதான் கொடுத்திருக்கும்.
நாள் கணக்கு வைத்துத் திரும்பி வந்தது தாயா?
இல்லை, வழியில் போன வேறு யாரோவா?
அடையாள அட்டையா கேட்க முடியும்.

முட்டை எழுதும் கொப்பியில்
அன்றைய தேதிக்கு நேரே எழுதினேன்: ஏழு.
எழுதிவிட்டுப் போய்
தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.
ஏழு என்றால் சும்மாவா.