மூன்றாவது பாட்டின் முதுகு

எங்கள் கேசட்டில் பத்துப் பாட்டு.
உங்களுக்கு ஒன்று தெரியும்.
கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து
மாப்பிள்ளையின் நண்பர்கள் சட்டையைக் கழற்றும் நேரத்தில்
வருமே, அது.
‘ஹெல்மெட் போட்ட நிலா.’
மூன்றே கார்டு.
கிடார் பிடித்து ஒரு வாரம் ஆனவனும் வாசிப்பான்.

ஏ பக்கம் நாலு நிமிஷம் குறையுது என்றார்
பணம் போட்ட பர்மா பஜார் காதர்மீரான்.
நாடா சும்மா ஓடினால்
ஜனங்கள் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம்.
டிரம்ஸ் கஜபதி, டீ ஆறுவதற்குள் வரி சொன்னான்.
சிரித்துக்கொண்டே பதிவு செய்தோம்.
இரண்டாம் சரணத்தில் பின்னால் ஒரு சிரிப்பு கேட்கும்;
அது நான்.

மற்ற ஒன்பதும் அப்படி இல்லை.
பெரம்பூரில் டெஸ்மண்ட் வீட்டு மாடி அறை,
சுவரெல்லாம் முட்டை அட்டை.
லோகோ ஒர்க்ஸ் சங்கு ஊதினால் நிறுத்தி
அரக்கோணம் வண்டி போனால் நிறுத்தி
மறுபடி முதலிலிருந்து.
கிடார், ராயபுரம் கோயில் பாடகர் குழுவினுடையது.
ஞாயிறு காலை ஐந்தரைக்குள்
ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.
அந்தப் பாட்டுகளில் ஒரு அவசரம் இருக்கும், கவனித்தால்.

பி பக்கம் மூன்றாவது: ‘மணலி மெழுகுவத்தி.’
ரிஃபைனரிப் புகைபோக்கியின் உச்சியில் எரியும் தீயை
மொட்டை மாடியில் படுத்தபடி
எட்டு மாதம் பார்த்து எழுதினேன்.
ஊதி அணைக்க ஆள் வராத பிறந்தநாள்.
கடைசியில் குரல் இல்லை, டிரம்ஸ் இல்லை,
ஒற்றைத் தந்தி மட்டும்
போகலாமா என்று கேட்டுக்கொண்டே நிற்கும்.

ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.
ஏ மூன்றும் பி மூன்றும் ஒரே துண்டு நாடா.
பாதி அகலம் அதற்கு, பாதி இதற்கு,
அது போகும் திசைக்கு இது எதிரே.
ஊரெல்லாம் நிலாவை ரீவைண்ட் செய்த போதெல்லாம்
மெழுகுவத்தி முன்னோக்கி ஓடியிருக்கிறது
படுவேகமாக,
ஒருவர் காதிலும் விழாமல்.

இப்போது திருவொற்றியூர் வே பிரிட்ஜில் வேலை.
சரக்கோடு ஒரு எடை, காலியாக ஒரு எடை,
கழித்துச் சீட்டு கொடுப்பேன்.
போன ஆடியில்
காசிமேட்டு ஐஸ் வண்டி ஒன்று மேடையில் ஏறியது.
உள்ளே எங்கள் இரண்டாவது பாட்டு.
முடிந்தது. அடுத்து நிலா.
முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.
‘க்ளக்.’
நாலாவது பாட்டு.

“அந்த எடத்துல டேப்பு நஞ்சி பூட்சி அண்ணாத்த.
எங்க மாமா ஓவரா தேச்சிட்டாரு.
வெட்டிட்டு செலோடேப் போட்டு ஒட்டிக்கினேன்.
மத்ததெல்லாம் சோக்கா கீது.”
சவரிமுத்து. ஆறு வருஷமாக அதே கேசட்டாம்.
‘ஹெல்மெட் போட்ட நிலா’ தெரியுமா என்றேன்.
“அது குத்துப் பாட்டாச்சே.
அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?”

பி பக்கம் போடச் சொன்னேன்.
பின்னால் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது.
ஓட்டி, இரண்டாவது முடியும் இடத்தில் விட்டான்.
‘க்ளக்.’
நிலாவோடு சேர்ந்து அதுவும் போயிருந்தது.
போகாதது, ஒற்றைத் தந்தி.
மெழுகுவத்தி, நிலாவைவிடக் கொஞ்சம் நீளம்;
கடைசி ஆறேழு நொடி கத்தரிக்கு வெளியே நின்றுவிட்டது.

“இது இன்னா பாட்டோட வால்னு தெர்ல,” என்றான்.
அவனுக்காக அல்ல, எனக்காகச் சத்தத்தைக் கூட்டினான்.

சொல்லவில்லை.
இன்னொரு தரம் போடு என்றேன், போட்டான்.
ஐஸ் உருகி மேடையின் இடுக்கில் ஒழுகியது.
இரண்டாம் தரம் தந்தி நின்றபோது
திரையில் பத்து கிலோ குறைந்திருந்தது.

“எந்த எடை எழுதப் போற?” என்றான் சவரிமுத்து.