இரண்டு இஞ்ச் கூடுதல்

கோயம்புத்தூரிலிருந்து வந்த பார்சல்
மூன்று நாளாக வள்ளியூர் ஆபீசில் கிடந்தது.
பெட்டிமேல் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை:
ஜெபக்கனி அல்ல, ஜெயக்கனி.
பணம் கட்டினவள் நான்தான் என்று
லைசென்சைக் காட்டினேன்.
‘நீங்களா ஓட்டுதிய?’ என்றார் ரசீது கிழித்தவர்.
பதினெட்டாயிரத்து நானூறு.
சீட்டைத் தள்ளி எடுத்த காசு.

குவாரி ஏலத்தில் பிடித்த ஜீப்.
நாலு சக்கரமும் இழுக்கும்.
லெவிஞ்சிபுரத்துக்குத் தெற்கே
காற்றாலைக்கு ஆள் ஏற்றுகிறேன்.
இசக்கிதுரை
எண்பது மீட்டர் ஏணியில் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவான்.
என் பின்சீட்டில் ஏறும்போது மட்டும்
கன்னத்தில் போட்டுக்கொள்வான்.
‘மேலயிருந்து விழுந்தா ஒரு தடவதாங்க்கா.
ஒங்க வண்டியில
மண் ரோட்டுல எறங்கினா
நாப்பது தடவ.’

பின்பக்கம், வலது, கீழ் போல்ட்
அசையவே இல்லை.
மண்ணெண்ணெய், பிறகு சுத்தியல்,
பிறகு பீர்மைதீன் வாயில் வந்த ஒரு சொல்,
நான் நிற்பது தெரிந்து பாதியில் விழுங்கியது.
கடைசியில் ஹேக்ஸா.
ஆனிக் காற்று ஷெட் தகரத்தைப் பிடித்து உலுக்க
இரும்புத் தூள் அவன் இமையில்,
என் பல்லிடுக்கில்.

கழன்று வந்த பழையதை அமுக்கினேன்.
உள்ளே போனது.
வெளியே வரவில்லை.
எண்ணெய் எப்போதோ ஒழுகிவிட்ட
வெறும் குழாய்.
இத்தனை நாளும் ஒவ்வொரு குழியையும்
பட்டையும் எங்கள் முதுகெலும்பும்
பங்கு போட்டு வாங்கியிருக்கின்றன.

புதியது மஞ்சள் நிறம்.
சுருக்கி, வாரால் கட்டியிருந்தார்கள்.
வாரை அறுத்தேன்.
யாரும் தொடாமல் தானே நீண்டது,
ரத்தம் கொடுத்துவிட்டு
மடக்கி வைத்த கையை
நீட்டலாமா என்று நீட்டுவதுபோல.

நாலும் மாட்டியாயிற்று.
நான் கை துடைக்கும்போது
பீர்மைதீன் மறுபடியும் அடியில் புகுந்தான்.
‘இதப் பாருங்க.’
டயர் அந்தரத்தில் தொங்க
பிரேக் ஹோஸ்
இழுத்துக் கட்டின கொடிக்கம்பி.
ஷாக் இரண்டு இஞ்ச் நீளம்.
ஆக்சில் இரண்டு இஞ்ச் கூடுதலாக இறங்கும்.
ஹோஸுக்கு யாரும் சொல்லவில்லை.

குழி என்றால்
முதுகு என்று மட்டும் நினைத்திருந்தேன்.

நாகர்கோவில் போய் நீள ஹோஸ் வாங்கிவரச்
சாயங்காலம் ஆனது.
இசக்கிதுரை பெடலை மிதித்தான், விட்டான், மிதித்தான்.
பாட்டில் நீரில்லை, பிரேக் ஆயில்;
அதில் குமிழ் குமிழாய்க் காற்று.
தெற்கே அத்தனை காற்றாடியும்
காற்றைக் காசாக்கிக்கொண்டிருக்க
நாங்கள் மூன்று பேர்
ஒரு விரல் காற்றை வெளியேற்றக்
குனிந்து கிடந்தோம்.

‘இப்ப முழுசா முறுக்காதீங்க’ என்றேன்.
பெட்டியில் இருந்த தாளை வாசித்திருந்தேன்.
தொங்கும்போது இறுக்கினால் புஷ் திருகிக் கிழியும்.
சக்கரம் தரையைத் தொட்டு,
பாரம் உட்கார்ந்து,
அப்புறம்தான் கடைசி முறுக்கு.
‘எனக்கேவா?’ என்றான் பீர்மைதீன்.
ஆனாலும் ஜாக்கியை இறக்கினான்.

வெறும் வண்டியில் ஓட்டிப் பார்த்தோம்.
‘முன்ன தூக்கிப் போட்டுச்சு,
இப்பக் குத்துது’ என்றான் இசக்கிதுரை.
பதினெட்டாயிரத்து நானூறு,
ஹோஸ் தனி.
நான் ஒன்றும் பேசவில்லை.
இரவு சோறு இறங்கவில்லை.

காலையில் ஆறு பேர்,
கியர் ஆயில் இரண்டு டிரம், டூல் பெட்டி.
சர்ச்சைத் தாண்டி மண் ரோடு.
பெரிய பள்ளத்தில் மூக்கைக் குத்தி
எழுந்தது ஜீப்.
ஒரே தரம். நின்றது.
கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன்.
இசக்கிதுரை போனில்
பெண் வீட்டாரிடம் சம்பளம் எவ்வளவு என்று
சொல்லிக்கொண்டிருந்தான்.
எண் உடையவில்லை.
கொஞ்சம் கூட்டித்தான் சொன்னான்.

சீட்டுக்கு இன்னும்
பதினோரு தவணை.